ஒரகடத்திலிருந்து ஓர் உஸ்தாதுக்கு

மதிப்புக்குரிய சுபேதார் சாருக்கு,

உங்களுக்கான நன்றியைப் பட்டறையிலேயே, டீ நேரத்தில், உங்கள் முகம் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நீங்கள் "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று கையை அசைத்துவிட்டு எழுந்து போயிருப்பீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே இதை நாலு பேர் படித்துவிட வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தில், பல கம்பெனி வாசல்களில் முன்னாள் படைவீரர்கள் நிற்கிறார்கள். அரசு நிறுவனமான டெக்ஸ்கோ வழியாக வந்தவர்கள் உண்டு, தனியார் ஏஜென்சி வழியாக வந்தவர்கள் உண்டு. லாரி நம்பரை எழுதுவார்கள், கேட் பாஸ் பார்ப்பார்கள், ஷிப்ட் பஸ் வந்தால் கதவைத் திறந்துவிடுவார்கள். அந்த பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தில் ஒருவராவது நின்று, இத்தனை வருடம் பட்டாளத்தில் என்ன கற்றீர்கள் என்று அவர்களைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் சிறிய பட்டறைக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கும் பாக்கியம் வாய்த்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஆயுளின் பாதியைக் கழித்தவர், வெலிங்டனில் ரெக்ரூட்களுக்குப் பயிற்சி தரும் உஸ்தாதாக இருந்தவர் ஒருவர் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் ட்ரோனுக்கு உடல் சட்டமும் பேட்டரிப் பெட்டியும் கேமரா தாங்கியும் செய்து கொடுக்கிறவர்கள். ஒரு சோதனைப் பறப்புக்கு ஆள் போதாமல் உங்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு திடலுக்குப் போனோம். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: "ராத்திரி, மழை பெய்யுது, கை நடுங்குது. இந்த ஸ்க்ரூ கீழே விழுந்தா எங்கம்மா தேடுவ?"

அதன்பிறகு எங்கள் வேலையின் போக்கே மாறியது. விசிறியைத் தாங்கும் சின்ன ஸ்க்ரூக்கள் போய், திருகினால் பூட்டிக்கொள்ளும், கழன்றாலும் சட்டத்தை விட்டு விழாத பூட்டு வந்தது. பேட்டரி முனையைத் தடவிப் பார்த்தே எது மேல், எது கீழ் என்று தெரிகிற மாதிரி ஓரத்தில் ஒரு மேடு வைத்தோம். அழகாக இருக்கிறது என்று நாங்கள் பெருமைப்பட்ட நீல விளக்கைக் கறுப்பு டேப் ஒட்டி மூடச் சொன்னீர்கள். இருட்டில் ஒரு பீடி நெருப்பே எவ்வளவு தூரத்துக்குக் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்த ஒருவருக்குத்தான் அந்த விளக்கு உறுத்தும். கம்ப்யூட்டர் திரையில் வரைபடம் போடும் எங்களுக்கு அதை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தந்ததில்லை.

பிறகு கோல்னா-ஜோட்னா. துப்பாக்கியைக் கழற்றி மாட்டும் அந்தப் பழைய பயிற்சியை நீங்கள் ட்ரோனுக்குக் கொண்டுவந்தீர்கள். பையன்களின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, கையுறை போட வைத்து, விசிறி, பேட்டரி, ஆன்டெனா என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டச் சொன்னீர்கள். முதலில் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை, சத்தமும் போடவில்லை. திரும்பத் திரும்பச் செய்ய வைத்தீர்கள். எந்தத் துண்டு கையில் சிக்கித் தடுமாறுகிறதோ, அதன் வடிவத்தை மறுநாள் நாங்கள் மாற்றினோம். பயிற்சியாகத் தொடங்கியது எங்கள் வடிவமைப்பு முறையாகவே ஆகிவிட்டது.

ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸாக வந்திருக்கும் தம்பிகள் ஒரு கேள்வி கேட்டார்களே, நினைவிருக்கிறதா? "இனிமே எல்லாம் ட்ரோன்தான் சார். பட்டனை அமுக்கினா போதும். எதுக்கு இந்த பரேடு, ரகடா தண்டனை எல்லாம்?" டி.வி. விவாதங்களில் பெரிய மனிதர்கள் கேட்பதும் இதே கேள்விதான். நீங்கள் புன்னகையோடு விட்டுவிட்டீர்கள். எனக்கு விட மனமில்லை. நான் போர்க்களம் பார்த்தவள் இல்லை. ஆனால் போர்க்களத்துக்குப் போகும் பொருளைச் செய்கிறவள் என்ற முறையில் இதற்கு என்னளவில் ஒரு பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

இந்த வட்டாரத்துக்கே அந்தக் கடமை உண்டு. கார், லாரி, புல்லட், செல்போன் என்று பேர் வாங்கிய ஊர்கள் இவை. இப்போது பாதுகாப்புத் தளவாடமும் சேர்ந்திருக்கிறது. ராணுவப் பொருள்களின் சோதனை வசதிகளுக்காக ஒன்றிய அரசு 2020-ல் கொண்டுவந்த திட்டத்தின் கீழ், ஆளில்லா விமானங்களுக்கான பொதுச் சோதனை மையத்துக்குத் தேர்வான இடம் வல்லம் வடகால் சிப்காட். மதிப்பீடு சுமார் 45 கோடி ரூபாய். நாம் செய்யும் இயந்திரம் யார் கையில் போய்ச் சேரும், அந்தக் கை எப்படிப் பழகியிருக்கும் என்று யோசிக்காமல் இனி நம்மால் ஸ்க்ரூ முடுக்க முடியாது.

2025 மே மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஆபரேஷன் சிந்தூர் நடந்த அந்த நாட்களில், மே 8 இரவிலிருந்து 9 விடியும்வரை 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்கள் வரை பாகிஸ்தான் அனுப்பியது என்று நம் தரப்பு அறிவித்தது. அதைச் சொன்ன கர்னல் சோஃபியா குரேஷி, நமக்குப் பக்கத்துப் பரங்கிமலையில் உள்ள ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமியில் பயிற்சி முடித்து 1999-ல் அதிகாரியானவர். அந்த ட்ரோன்களைச் சுட்டு வீழ்த்தியவற்றில் புத்தம்புது ஏவுகணைகளோடு எல்-70 பீரங்கியும் இருந்தது. சுவீடன் நாட்டு போஃபர்ஸ் நிறுவனம் வடிவமைத்த 40 மில்லிமீட்டர் பீரங்கி அது. நம் படையில் 1960-களிலிருந்து இருக்கிறது. ராடார் இணைப்பும் வெப்பப் படக் கேமராவும் பிற்காலத்தில் பொருத்தியவை. குழல் பழையது, குண்டை வரிசையாக ஊட்டும் வேலை இன்றும் மனிதக் கைக்குத்தான். வானத்தில் எது பறவை, எது நம்முடையது, எது அவர்களுடையது என்று தெரியாத ராத்திரியில், உத்தரவு வரும்வரை விரலை அடக்கி வைத்திருப்பதும், வந்த கணத்தில் அத்தனை பேரும் ஒரே உடம்பாக இயங்குவதும் அந்தக் குழுவின் வேலை. பீரங்கிக்குப் புதிய கண் வைத்துவிடலாம். அந்த அடக்கத்தை எந்தத் தொழிற்சாலையில் செய்து பொருத்துவது?

அதை எங்கே செய்கிறார்கள் என்று எங்கள் திடலிலேயே நீங்கள் காட்டினீர்கள். ஒருநாள் பறந்துகொண்டிருந்த ட்ரோனோடு சிக்னல் அறுந்துபோனது. இயக்கிக்கொண்டிருந்த தம்பியின் விரல்கள் அப்படியே உறைந்துவிட்டன. கெட்டிக்காரப் பையன், எழுத்துத் தேர்வு வைத்தால் முழு மதிப்பெண் வாங்குவான். அன்று மட்டும் அவனுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. நீங்கள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று, குரலை உயர்த்தாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னீர்கள். அவன் செய்தான். ட்ரோன் திரும்பி வந்தது. அன்று மதியமே ஓர் அட்டையில் அந்த வரிசையை எழுதி, லைட் மெஷின் கன் ஓடாமல் நின்றுவிட்டால் செய்கிற ஐ.ஏ. (இம்மீடியட் ஆக்‌ஷன்) டிரில் போல அதை ஒரு டிரில்லாக ஆக்கிவிட்டீர்கள். கன் நின்றால் ஏன் நின்றது என்று யோசிக்கக் கூடாது, கை அதன் வேலையைச் செய்ய வேண்டும், அதிலும் ஓடாவிட்டால் அடுத்த வரிசை. நீங்கள் தம்பிகளிடம் சொன்னது என் காதில் இருக்கிறது: "யோசிக்க வேண்டியதை இப்பவே யோசிச்சு முடிச்சுடுங்க. அங்க போய் யோசிக்க டைம் இருக்காது."

பரேடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. பயந்த உடம்பு மூளையின் பேச்சைக் கேட்காது. உடம்புக்கு முன்கூட்டியே வேறொரு பழக்கத்தைக் கொடுத்துவைக்க வேண்டும். விடியற்காலை மைதானத்தில் சாவ்தான், விஷ்ராம் என்ற கட்டளைகளை ஆயிரம் முறை கேட்டு நின்றவனுக்கு, குண்டுச் சத்தத்தின் நடுவே ஒரு குரல் கேட்டதும் கால் தானாக அடங்கும். பழைய போரோடு முடிந்துபோன சடங்கு அது என்று நினைக்கிறவர்கள் அந்தக் குரலையும் காலையும் இணைக்கிற நரம்பை மறந்துவிடுகிறார்கள்.

2020 ஜூன் 15 இரவு சீன எல்லையில், கல்வானில் என்ன நடந்தது? செயற்கைக்கோள் மேலே இருந்தது, இரு நாட்டுக் கையிலும் அணு ஆயுதம் இருந்தது. ஆனால் எல்லைக் கோட்டின் இரு பக்கமும் இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கி வெடிக்கக் கூடாது என்பது 1996-ல் செய்த ஒப்பந்தம். அதனால் கல்லும் தடியும் ஆணி பதித்த கம்பியும் கொண்டு, பனி உருகி ஓடும் ஆற்றங்கரையில், கையால் சண்டை நடந்தது. நம் பக்கம் 20 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. அவர் பீரங்கிப் படைக்காரர், 81 ஃபீல்டு ரெஜிமென்ட். பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இலக்கைக் கணக்குப் போட்டு அடிப்பது அவர் தொழில். அந்த இரவு அவர் முன்னால் நின்ற எதிரி ஒரு கை நீளத் தூரத்தில் இருந்தான். மறைந்தபின் அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. நவீன போர் எப்படி இருக்கும் என்று யாராவது உறுதியாகச் சொல்ல வந்தால், இந்த ஒரு பெயரைச் சொல்லி அவர்களை நிறுத்தலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ட்ரோன் போர் என்றாலே எல்லோரும் காட்டுவது உக்ரைனை. நானும் தொழில் காரணமாக அந்தப் போரைக் கவனித்துவருகிறேன். அங்கே ட்ரோன் செய்த ஒரு காரியத்தைப் பற்றி நம் ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை. படைவீரனை அது மறுபடி நடக்க வைத்துவிட்டது. முன்னணியை நெருங்கும் வண்டிகளை ட்ரோன் அடித்துவிடுவதால், கடைசிப் பல கிலோமீட்டர்களை வீரர்கள் இருட்டில், தண்ணீரும் குண்டும் பேட்டரியும் முதுகில் சுமந்து நடந்தே கடக்கிறார்கள். முதுகில் பிட்டு என்ற பையை மாட்டி ஓடும் உங்கள் பழைய லோடு மார்ச் அங்கே உயிர் காக்கும் திறமை. பதுங்குகுழி ஆழமாகவும் மேலே மூடியும் இருக்க வேண்டும், ஆகவே மண்வெட்டி திரும்பி வந்துவிட்டது. ஜி.பி.எஸ். அலையைக் குழப்பிவிடுகிறார்கள், ஆகவே காகித வரைபடமும் காம்பஸும் தெரிந்தவனுக்கு மதிப்பு. அடிபட்டவனை உடனே ஹெலிகாப்டரில் தூக்க முடியாது, ஆகவே பக்கத்தில் இருப்பவனுக்கு ரத்தப்போக்கை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். 2022 கோடையில் பிரிட்டன் உக்ரைன் வீரர்களுக்காக ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி இதுவரை 50,000-க்கும் மேற்பட்டவர்களைத் தயார் செய்திருக்கிறது. அந்த அடிப்படைப் பயிற்சியில் அவர்கள் சொல்லித் தருவது என்ன? குறி பார்த்துச் சுடுவது, குழி வெட்டுவது, முதலுதவி, மறைந்து நகர்வது. வெலிங்டனில் நீங்கள் சொல்லித் தந்த அதே பாடங்கள்தான். அவற்றோடு வானத்தைப் பார்க்கும் பழக்கம் ஒன்று கூடியிருக்கிறது.

நம் மண்ணுக்கும் இந்த வாதம் புதிதல்ல. 1746-ல் அடையாற்றங்கரையில், சில நூறு பிரெஞ்சுக்காரர்களும் அவர்கள் பழக்கிய சிப்பாய்களும் சேர்ந்து, ஆற்காட்டு நவாபின் பெரும்படையைச் சிதறடித்தார்கள். வரிசை கலையாமல் நடப்பதும் மாறி மாறிச் சுடுவதும் எண்ணிக்கையை வெல்லும் என்று தென்னாடு கண்கூடாகக் கண்டது அன்றுதான். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1758-ல் தொடங்குகிறது உங்கள் ரெஜிமென்ட்டின் வரலாறு.

ஆனால் பயிற்சி மட்டும் இருந்தால் போதும் என்று பேசுபவர்களை நான் புள்ளலூருக்குக் கூட்டிப்போவேன். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போய், அங்கிருந்து வடக்கே போனால் அந்த ஊர். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கீழ் 3,000-க்கும் மேற்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினரை மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் அங்கே சுற்றி வளைத்தார்கள். பெய்லியின் சிப்பாய்களுக்குப் பயிற்சியில் குறையில்லை. சதுரம் கட்டி நின்று குதிரைப் படையைத் திரும்பத் திரும்பத் தள்ளினார்கள். பீரங்கியும் ராக்கெட்டும் பொழிந்ததில் அவர்களுடைய வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, அதோடு எல்லாம் முடிந்தது. காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ நேரத்துக்கு உதவிக்கு வந்து சேரவில்லை. அந்த ஊர்ப் போர்களில் செத்த ஆங்கிலேய அதிகாரிகள் இருவரின் நினைவுத் தூண்கள் இன்றும் அங்கே வயலோரம் நிற்கின்றன.

ராக்கெட் என்பது அந்தக் காலத்து ட்ரோன் என்று சொல்லி, புதிய ஆயுதம் பழைய பயிற்சியை வென்றது என்று கதையை முடித்துவிட ஆசை வரும். நான் அப்படி முடிக்க மாட்டேன். மைசூரின் ராக்கெட்காரர்கள் வாணவேடிக்கை விட்டவர்கள் அல்லர். குழாயின் அளவையும் இலக்கின் தூரத்தையும் கணக்கிட்டு எந்தச் சாய்வில் ஏவுவது என்று தனியாகப் பயிற்சி பெற்றவர்கள், படைக்குள் தனிப் பிரிவாகவே இருந்தவர்கள். புள்ளலூரில் வென்றது புதிய ஆயுதத்துக்கென்றே பழகிய கை. தோற்றவர்களிடம் பழகிய கை இருந்தது, மருந்து வண்டிக்குக் காப்பும் உதவிக்கு வரும் படையும் இல்லை. பயிற்சியா, தொழில்நுட்பமா என்று தட்டில் வைத்து நிறுப்பவர்கள் இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழையது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லமாட்டீர்கள். பூட்ஸில் முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போடுவதற்கு ஒரு ரெக்ரூட்டின் இரவுகள் எத்தனை வீணாகின்றன என்று நீங்கள்தான் வருத்தப்பட்டுச் சொன்னீர்கள். தண்டனை என்ற பெயரில் ஒருவனை அவமானப்படுத்துவது அவனைத் தைரியசாலி ஆக்காது, பொய் சொல்லத்தான் பழக்கும் என்றும் சொன்னீர்கள். வரிசை கட்டி நிமிர்ந்து நடந்துபோய்ச் சண்டை போடும் முறை முதல் உலகப் போரின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன்னால் செத்துவிட்டது. அதைக் களத்தில் மறுபடி யாரும் செய்யப் போவதில்லை. மைதானத்தில் அது தரும் ஒருமிப்புதான் தேவை. எதை வைப்பது, எதை விடுவது என்று பிரித்துச் சொல்லும் தகுதி, கற்றும் கற்பித்தும் பார்த்த உங்களைப் போன்றவர்களுக்குத்தான் உண்டு. பத்திரிகையில் எழுதுபவர்களுக்கு அது இல்லை, எனக்கும் இல்லை.

படையும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. காலாட்படை பட்டாலியன்களில் அஷ்னி என்ற பெயரில் ட்ரோன் பிளாட்டூன்கள் வருவதாக 2025 ஜூலையில் ராணுவத் தளபதி அறிவித்தார். நான் அந்த அறிவிப்பில் கவனித்தது ஒன்று. ட்ரோனைத் தனியே ஒரு கம்ப்யூட்டர் அறையில் வைக்காமல், காலாட்படைக்காரன் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். அதாவது நடக்கவும் குழி வெட்டவும் தெரிந்தவனே அதைப் பறக்கவிடப் போகிறான்.

அவன் அதை எங்கே பறக்கவிடுவான் என்பதை எங்களுக்குப் புரியவைத்தது உங்கள் சியாச்சின் கதைகள். பேட்டரியின் திறன் பற்றி நாங்கள் பெருமையாக ஒரு தாளைக் காட்டியபோது, "இந்தக் கணக்கு ஒரகடத்து வெயிலுக்கா, மேலே இருக்கிற குளிருக்கா?" என்று கேட்டீர்கள். லித்தியம் பேட்டரி கடுங்குளிரில் சக்தியை இழக்கும் என்று எங்களுக்குப் பாடமாகத் தெரியும். ரேடியோ பேட்டரியைச் சட்டைக்குள், மார்போடு அணைத்து வைத்துத் தூங்கிய அனுபவம் உங்களுக்குத்தான் இருந்தது. அதனால் எங்கள் பேட்டரிப் பெட்டியின் ஓரங்கள் இப்போது வளைவாக இருக்கின்றன, உடம்போடு ஒட்டி வைத்தால் குத்தாது. அந்த மாற்றத்தின் வரைபடத்தில் உங்கள் பெயர் போட இடமில்லை, அந்தக் குறையையும் இந்த மடல் கொஞ்சம் தீர்க்கட்டும்.

சியாச்சின் என்றதும் உங்கள் குரல் தாழ்ந்த ஒரு நாளும் உண்டு. 2016 பிப்ரவரி 3, சோனம் போஸ்ட். 19,000 அடிக்கு மேலே பனிப்பாறை சரிந்து 19 மெட்ராஸ் பட்டாலியனின் காவல்நிலையை மூடியது. உள்ளே சிக்கிய பத்துப் பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறாம் நாளில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார், பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். ராடாரும் மோப்ப நாய்களும் இடத்தைக் காட்டின. கான்கிரீட் போல இறுகிய பனியை அந்த உயரத்தில், மூச்சுக்குத் திணறிக்கொண்டு, ஷிப்ட் போட்டு வெட்டியவர்கள் படைவீரர்கள். நம் தொழிற்சாலையில் ஷிப்ட் என்ற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறோம்!

போர் இல்லாத நாளிலும் இந்தப் பயிற்சியின் பலனை அனுபவித்தவர்கள் நாம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கமும் அடையாறும் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது படகோடு வந்தவர்கள் யார் என்று இந்தப் பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தபோது, சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் நடுவே 190 அடி பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1 மாலைக்குள் கட்டி நிறுத்தினார்கள் பெங்களூரின் மெட்ராஸ் சாப்பர்ஸ், படை முழுக்கத் தம்பிகள் என்று அழைக்கப்படும் நம் ஆட்கள். பெய்லி பாலம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து வடிவம். அதன் ஒரு பலகச் சட்டம் ஏறக்குறைய 260 கிலோ, ஆறு பேர் சேர்ந்து தூக்கும்படி அளவெடுத்துச் செய்தது. ஆறு பேரும் ஒரே குரலுக்குக் குனிந்து, ஒரே குரலுக்கு நிமிர வேண்டும். ஒருவன் அரை நொடி பிந்தினால் இன்னொருவன் முதுகு போகும். மழையில், சேற்றில், இரவு முழுக்க அதைத் தவறாமல் செய்ய முடிந்ததென்றால், அதற்கு முன்னால் எத்தனை பகல் வெறும் மைதானத்தில் பாலம் கட்டிப் பிரித்துப் பழகியிருப்பார்கள்! அப்படிக் கட்டிப் பிரிப்பதைப் பார்த்து இது எதற்கு வீண் வேலை என்று கேட்க எவருக்கும் தோன்றும். அந்தக் கேள்விக்கான பதில் முண்டக்கைக்காரர்களிடம் இருக்கிறது.

சார், ஒரு கவலையையும் எழுதிவிடுகிறேன். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுப் பணி, அதில் பயிற்சி சுமார் ஆறு மாதம். முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் படையில் தொடர்வார்கள். மீதிப் பேர் இருபதுகளின் நடுவில் வெளியே வருவார்கள். அவர்களில் பலர் இந்த சிப்காட் வாசல்களுக்குத்தான் வேலை தேடி வரப்போகிறார்கள். பயிற்சிக் காலத்தைக் குறுக்கிவிட்டு அந்த இடைவெளியைக் கருவிகள் நிரப்பும் என்று யாராவது நினைத்தால், கருவி செய்கிறவள் என்ற முறையில் என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. கருவி சிக்கலாக ஆக ஆக, பழக வேண்டிய நேரம் கூடுகிறது. ரைபிள் ஓடாமல் நிற்பதற்கான காரணங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ட்ரோன் நின்றுபோக மென்பொருள், சிக்னல், காற்று, குளிர், எதிரியின் குழப்ப அலை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரில் வேண்டும், ஒவ்வொரு டிரில்லுக்கும் ஓர் உஸ்தாத் வேண்டும்.

இந்த வட்டாரத்துத் தொழில் முனைவோரிடமும் இதன் வழியாக ஒன்று கேட்கிறேன். பாதுகாப்புத் தளவாட ஆர்டர் வாங்கத் துடிக்கும் கம்பெனிகள், உங்கள் வாசலில் நிற்பவர் எந்த ரெஜிமென்ட்டில் என்ன வேலை பார்த்தவர் என்று ஒரு முறை கேளுங்கள். அவர் சிக்னல்ஸில் இருந்திருக்கலாம், ஏர் டிஃபென்ஸில் எல்-70 இயக்கியிருக்கலாம், பனியில் பதினைந்து குளிர்காலம் பார்த்திருக்கலாம். வாரத்தில் ஒரு மதியம் அவரை வடிவமைப்பு அறைக்குள் கூப்பிட்டு, செய்த பொருளை அவர் கையில் கொடுங்கள். அதற்குச் சம்பளமும் கொடுங்கள். கன்சல்டன்ட் என்று சூட் போட்டு வருபவருக்குக் கொடுப்பதில் பாதியாவது கொடுங்கள். வல்லம் வடகால் போன்ற மையங்களில் சோதனை விதிகள் எழுதும்போதும், கண்ணைக் கட்டிக்கொண்டு கையுறையோடு பூட்டிப் பார்ப்பது போன்ற ஒரு விதி சேர வேண்டும். அதை எழுதித் தர உங்களைப் போல் ஒருவரை அந்த மேசையில் உட்காரவைக்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்ல வந்த நன்றி இதுதான். உங்கள் முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் வெயிலில் நின்று எங்கள் பையன்களுக்குக் கற்றுத் தந்தீர்கள். பெண் என்பதற்காக என்னிடம் ஒரு நாளும் சலுகையும் காட்டவில்லை, சந்தேகமும் காட்டவில்லை. கண்ணைக் கட்டிப் பேட்டரி மாட்டும் பயிற்சியில் என்னையும் வரிசையில் நிற்க வைத்தீர்கள். முகம் தெரியாத ஒரு வீரன் எங்கோ ஒரு மலை உச்சியில் நாங்கள் செய்த பெட்டியை இருட்டில் திறக்கும்போது அவன் விரல் தடுமாறாமல் இருக்கும் என்றால், அதில் உங்கள் பங்கு இருக்கிறது. அவனுக்கு அது தெரியப்போவதில்லை, எங்களுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் புதிய அப்ரண்டிஸ் அணி வருகிறது. மெஷினைத் தொடும் முன் முதல் வாரம் முழுக்க உங்களிடம்தான் அவர்கள் இருக்க வேண்டும் என்று முதலாளியிடம் பேசிவிட்டேன். கேட்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் உங்களுக்குப் பயிற்றுநர் சம்பளம் போடுவதாகவும் ஒப்புக்கொண்டுவிட்டார். நீங்கள் சரி என்று சொன்னால் அட்டையில் எழுதிய டிரில் எல்லாவற்றையும் டைப் செய்து வைக்கிறேன், திங்கட்கிழமை வந்து திருத்திக் கொடுங்கள்.


உங்கள் பட்டறைப் பெண்,
ஒரகடம்